5 வருடத்துக்கு 30 மணி நேரம் போதுமா? தோல் மருத்துவர்களின் தொடர் படிப்பும் தீராத படர்தாமரையும்

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு வரை படர்தாமரை ஒரு சின்ன விஷயம். இரண்டு மூன்று வாரம் க்ரீம் தடவினால், தேவைப்பட்டால் கூடவே மாத்திரை சாப்பிட்டால், பெரும்பாலும் சரியாகிவிடும். இன்று அதே படர்தாமரையை வைத்துக்கொண்டு ஆறு மாதம், ஒரு வருடம் என்று கிளினிக் கிளினிக்காக அலைபவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் தொற்றுகிறது. குணமான மாதிரி இருக்கும். ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடும்.

நோய் மாறிவிட்டது. மருந்துகளும் மாறிவிட்டன. கல்லூரியில் அன்று படித்த பாடம் இன்றைய நோயாளிக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றால் டாக்டர் எங்கே, எப்போது, யார் செலவில் மறுபடி படிக்கிறார்? தோல் விஷயத்தில் இந்தக் கேள்விக்கான பதில், நோயாளியின் பர்ஸையும் முகத்தையும் நேரடியாகத் தொடுகிறது.

தோல் மருத்துவர் என்றால் யார்?

எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு மூன்று ஆண்டு எம்.டி. அல்லது டி.என்.பி. படித்தவரே தோல் மருத்துவ நிபுணர். முன்பு இரண்டு ஆண்டு டிப்ளமோவும் இருந்தது. அதை முடித்த சீனியர் டாக்டர்கள் இன்றும் பிராக்டிஸ் செய்கிறார்கள். பட்டத்தின் முழுப் பெயரில் மூன்று துறைகள் உண்டு: தோல், பால்வினை நோய், தொழுநோய். முகப்பருவுக்குப் பார்க்கும் அதே டாக்டர்தான் தொழுநோய்க்கும் சிபிலிஸுக்கும் பயிற்சி எடுத்தவர்.

சென்னைக்கு இதில் பெரிய வரலாறே இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்களுக்கென்று தனி இன்ஸ்டிட்யூட் இயங்குகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். அதே கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் இருந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அந்த ஆய்வைச் செய்தார்கள். மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. பாடப் புத்தகத்தில் அதுவரை இடம்பெறாத ஒரு நோயை, பணியில் இருந்த மருத்துவர்கள் சில ஆண்டுகளுக்குள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த நிபுணர்களின் அகில இந்திய அமைப்பு, இந்திய தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவர்கள் சங்கம். இரண்டு பழைய சங்கங்கள் 1973-ல் இணைந்து உருவானது. மாநாடுகள், பயிலரங்குகள், ஆய்விதழ் என்று தொடர் படிப்பின் பெரும்பகுதி இதன் வழியாகவும் மருத்துவக் கல்லூரிகள் வழியாகவும் நடக்கிறது.

சிக்கல் எண்ணிக்கையில் தொடங்குகிறது. 140 கோடி பேர் வாழும் நாட்டில் தோல் நிபுணர்கள் ஆயிரக்கணக்கில்தான் இருக்கிறார்கள். அவர்களும் பெரும்பாலும் நகரங்களில். அதனால் அரிப்போடு கிளம்பும் ஒருவர் முதலில் போய் நிற்பது மெடிக்கல் ஷாப்பில். அடுத்தது பக்கத்துத் தெரு பொது மருத்துவர். நிபுணரிடம் வருவது மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான்.

படர்தாமரை ஏன் அடங்கவில்லை?

இந்தியாவில் இப்போது பரவும் பூஞ்சை பழைய பூஞ்சை இல்லை. ஜப்பானில் சிகிச்சை எடுத்த இந்திய, நேபாள நோயாளிகளிடம் கிடைத்த ஒரு வகையை, 2020-ல் அந்நாட்டு ஆய்வாளர்கள் தனி இனமாக அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே'. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. 2023-ல் நியூயார்க்கிலும் இந்தத் தொற்று உறுதியானதாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது.

பூஞ்சைக்கு அதிகம் எழுதப்படும் மாத்திரை டெர்பினாஃபின். பூஞ்சையின் உடலில் ஒரு குறிப்பிட்ட என்சைமைத் தடுத்து இது வேலை செய்கிறது. புதிய வகையில் அந்த என்சைமுக்கான மரபணுவே மாறியிருப்பதால், மருந்து போய்ப் பிடிக்க இடம் கிடைப்பதில்லை. இது தெரியாத டாக்டர் அதே மாத்திரையைத் திரும்பத் திரும்ப எழுதுவார். நோயாளி காசு செலவழிப்பார், பூஞ்சை குடும்பம் முழுக்கப் பரவும்.

இன்னொரு காரணம் கலவை க்ரீம். ஒரே டியூபில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து எல்லாம் இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை ஒரே நாளில் அடக்கிவிடுவதால் "சூப்பர் மருந்து" என்று பெயர் வாங்கிவிடுகிறது. ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அது சேர்த்து அடக்குவதால், பூஞ்சை அடியில் நிம்மதியாக வளர்கிறது. வட்டமாக, விளிம்பு தடித்து இருக்க வேண்டிய படர்தாமரையின் உருவமே மாறிவிடுகிறது. கடைசியில் நிபுணரிடம் வரும்போது அவருக்கே சந்தேகம் வரும் அளவுக்குத் தோற்றம் குழம்பியிருக்கும்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க எளிய பரிசோதனை உண்டு. புண்ணின் ஓரத்திலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். சில நிமிட வேலை, சொற்ப செலவு. முதுநிலை மாணவர்கள் எல்லோரும் கற்கும் விஷயம்தான். கூட்டம் நிறைந்த கிளினிக்குகளில் முதலில் விடுபட்டுப் போவதும் இதுதான்.

முகத்தைக் கெடுத்த டியூப்

ஸ்டீராய்டு க்ரீம் முகத்தில் என்ன செய்யும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. இந்தியாவின் 12 மையங்களில் முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து, 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 433 பேர், அதாவது சுமார் 15 சதவீதம், முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 59 சதவீதத்தினருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே இல்லை. கடைக்காரர், நண்பர், உறவினர் இப்படி யாரோ. 29 சதவீதம் பேர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவோ, ஷேவ் செய்த பின் தடவும் பொது க்ரீமாகவோதான் பயன்படுத்தினார்கள்.

விளைவுகள் கொடுமையானவை. தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும். பரு கொத்துக் கொத்தாக வரும். பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் கூடும். பயந்துபோய் மறுபடி தடவுவார்கள். போதைப் பழக்கம் மாதிரி ஒரு சுழல்.

தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்று தனிக் குழு அமைத்துப் போராடியது. அதன் பலனாக 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு க்ரீம்களை மத்திய அரசு 'ஷெட்யூல் எச்' பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். அதே ஆண்டு செப்டம்பரில் தடையான 328 கூட்டு மருந்துகளிலும் இப்படிப்பட்ட சில கலவை க்ரீம்கள் இருந்தன. சட்டம் வந்துவிட்டது. ஆனால் "அண்ணா, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டால், சீட்டு எங்கே என்று கேட்கும் கடைகள் எத்தனை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

30 மணி நேரக் கணக்கு

சரி, டாக்டர்கள் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று விதி இல்லையா? இருக்கிறது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள், ஒவ்வொரு மருத்துவரும் 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. வருடத்துக்கு 6 மணி நேரம். மாதத்துக்கு அரை மணி நேரம். ஒரு மெகா சீரியல் எபிசோடுக்கு ஆகும் நேரம்.

நேரம் குறைவு என்பது ஒரு குறை. என்ன படித்தார் என்று யாரும் கேட்பதில்லை என்பது அதைவிடப் பெரிய குறை. தோல் நிபுணர் ஒருவர் லேசர் பயிலரங்குக்கே ஐந்து வருடமும் போய் வந்தால் கணக்கு நேராகிவிடும். படர்தாமரை மருந்து ஏன் தோற்கிறது என்பதை அவர் ஒரு முறைகூடக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அரங்கில் பெயர் பதிந்தாலே போதும். ஆன்லைன் வகுப்பில் லாகின் செய்து விட்டு நோயாளி பார்க்கப் போனாலும் பல இடங்களில் சான்றிதழ் வந்துவிடும். கற்றது சிகிச்சையில் மாற்றத்தைக் கொண்டுவந்ததா என்று அளக்க ஏற்பாடே இல்லை.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட்டில் புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது. ஜெனரிக் பெயரில் மருந்து எழுதும் கட்டாயம் உள்ளிட்டவற்றுக்குக் கடும் எதிர்ப்பு கிளம்ப, அதே மாதம் 23-ம் தேதி மொத்த விதிகளும் நிறுத்தி வைக்கப்பட்டன. பழைய 2002 விதிகளே திரும்பின. ஜெனரிக் சண்டையில், தொடர் கல்வி பற்றிய விவாதமும் காணாமல் போனது.

டாக்டர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அரசு மருத்துவமனை தோல் பிரிவில் காலையில் உட்கார்ந்தால் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. தனியாக கிளினிக் வைத்திருப்பவர் இரண்டு நாள் மாநாட்டுக்குப் போனால் இரண்டு நாள் வருமானம் போகும். ஆர்வமுள்ள பலர் விதி சொல்வதைவிடப் பல மடங்கு நேரம் படிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் விதி என்பது அவர்களுக்காக எழுதப்படுவதில்லை. படிக்காமலே காலம் தள்ளும் மீதிப் பேரைப் படிக்க வைப்பதற்குத்தான் விதி தேவைப்படுகிறது. இப்போதைய விதியால் அது முடியவில்லை.

மாநாட்டுக்கு பில் கட்டுவது யார்?

மருத்துவ மாநாடு என்றால் ஹால் வாடகை, சாப்பாடு, பேச்சாளர் பயணம் என்று பெரிய செலவு. மருந்து, காஸ்மெட்டிக், லேசர் இயந்திர நிறுவனங்களின் ஸ்டால்களும் ஸ்பான்சர்ஷிப்பும் அந்தச் செலவில் பங்கெடுக்கின்றன. நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயணச் செலவு வாங்கக் கூடாது என்று 2009 டிசம்பரிலேயே மருத்துவர்களுக்குத் தடை வந்தது. இப்படித் தரும் இலவசங்களை நிறுவனங்கள் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நடத்தை விதித் தொகுப்பு, வெளிநாட்டில் தொடர் கல்வி நிகழ்ச்சி நடத்துவதையும் தடுத்தது.

தனிப்பட்ட டாக்டருக்கு வரும் பரிசை இந்த விதிகள் கட்டுப்படுத்தும். எந்தத் தலைப்பில் அமர்வு நடக்கும் என்பதைக் கட்டுப்படுத்தாது. புதிய ஊசி மருந்து, ஃபில்லர், சன்ஸ்கிரீன் ஆகியவற்றுக்கு ஸ்பான்சர் கிடைப்பது சுலபம். சொறி சிரங்குக்கோ, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பரிசோதனைக்கோ யார் ஸ்பான்சர் செய்வார்கள்? அதில் லாபம் இல்லை. சந்தை எதைக் கற்றுக்கொடுக்க விரும்புகிறதோ அதுவே பாடத்திட்டமாகிவிடும் ஆபத்து இங்கேதான்.

வெள்ளைத் தோலுக்கு எழுதிய பாடம்

தோல் மருத்துவத்தில் இடம் முக்கியம். உலகம் முழுக்கப் பயன்படும் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகைப்பாடு 1975-ல் உருவானபோது வெள்ளைத் தோலை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது. பழுப்பு, கறுப்புத் தோலுக்கான 5, 6-ம் வகைகள் பின்னால் சேர்க்கப்பட்டவை. புத்தகத்தில் 'சிவந்து இருக்கும்' என்று போட்டிருக்கும் தடிப்பு, மாநிறத் தோலில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். வெள்ளைத் தோலுக்குப் பொருத்தமான அளவில் லேசரை வைத்தால் இங்கே தீப்புண்ணும் கருந்தழும்பும் மிஞ்சும்.

மருந்திலும் இதே கதை. சொரியாசிஸுக்கு வந்துள்ள நவீன ஊசிகள் பல, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு பகுதியை அடக்குபவை. காசநோய் அதிகமுள்ள இந்தியாவில், உடலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமி இதனால் விழித்துக்கொள்ளலாம். அதனால் ஊசி போடும் முன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். முடி கொட்டும் அலோபீசியா அரியேட்டாவுக்கு மாத்திரை, வெண்புள்ளிக்குப் புதிய வகை க்ரீம் இரண்டுக்கும் அமெரிக்கா 2022-ல்தான் அனுமதி கொடுத்தது. அதற்கு முன் படித்து முடித்தவர்கள் இவற்றை வேலை செய்துகொண்டேதான் கற்றாக வேண்டும்.

யூடியூப் பார்த்து முடி நடலாமா?

'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'ட்ரைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்டிய கிளினிக்குகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. இந்தியாவில் இவை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முதுநிலைப் பட்டங்கள் இல்லை. சில வாரச் சான்றிதழ் படிப்போடு லேசர் பிடிப்பவர்களும் இந்தப் பெயர்களுக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

சென்னையில் 2016-ல் முடிமாற்று சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் அதன் பின் உயிரிழந்தார். மயக்க மருந்து, நோய்த்தொற்று, அவசர உதவி எல்லாம் தேவைப்படும் அறுவை சிகிச்சை அது என்பதை அந்த மரணம் நினைவூட்டியது. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது இந்தச் சிகிச்சைகளைத் தொடங்கப் போதுமான பயிற்சி ஆகாது என்று வெளிப்படையாகவே சொன்னது. யூடியூப் பெயரை அரசு ஆவணத்தில் எழுத வேண்டிய நிலை வந்ததே, பிரச்சினை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

மறந்துபோகும் தொழுநோய்

ஸ்பான்சர் கிடைக்காத பாடத்துக்குச் சரியான உதாரணம் தொழுநோய். 10 ஆயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியதால், பொது சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோய் ஒழிந்ததாக 2005 டிசம்பரில் இந்தியா அறிவித்தது. பலர் அதை 'நோயே போய்விட்டது' என்று புரிந்துகொண்டார்கள். உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் இந்தியாவில்தான் கண்டறியப்படுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர்.

செங்கல்பட்டில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வேலூர் அருகே கரிகிரியில் ஒரு பெரிய ஆய்வு மையம் இருக்கிறது. மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டிய பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றியவர். இப்படிப்பட்ட மண்ணிலேயே, உணர்ச்சியில்லாத வெளிர் திட்டைச் 'சத்துக் குறைவு' என்று அனுப்பிவிடும் தவறு நடக்கக் கூடும். பஞ்சை நூலாகத் திரித்துத் திட்டின் மேல் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், சந்தேகம் வந்துவிடும். கிருமி உடலில் நுழைந்து அறிகுறி தெரிய சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகும் நோய் இது. தாமதத்தால் நரம்பு போய்விட்டால் கை, கால் ஊனம் மட்டும் தங்கிவிடும்.

என்ன மாற வேண்டும்?

முதலாவதாக, மணிக்கணக்கோடு பாடக்கணக்கும் வேண்டும். 30 மணி நேரத்தில் ஒரு பகுதி, அந்த வட்டாரத்தில் அதிகம் காணப்படும் நோய்களுக்குக் கட்டாயமாக ஒதுக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் என்றால் படர்தாமரை, ஸ்டீராய்டு பாதிப்பு, தொழுநோய், சொறி சிரங்கு. கடைசியில் சின்னதாக ஒரு தேர்வு. வந்து போனதற்குச் சான்றிதழ் தரும் வழக்கம் நிற்க வேண்டும்.

இரண்டாவதாக, ஸ்பான்சர் இல்லாத பாடங்களுக்கு அரசும் மருத்துவப் பல்கலைக்கழகமும் பணம் ஒதுக்க வேண்டும். ஸ்பான்சர் உள்ள அமர்வுகளில், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது நிகழ்ச்சி நிரலின் முதல் பக்கத்திலேயே அச்சாக வேண்டும்.

மூன்றாவதாக, தோல் நிபுணர்களோடு நின்றுவிட்டால் பலன் பாதிதான். நோயாளியை முதலில் பார்க்கும் பொது மருத்துவர்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு அரை நாளாவது தோல் பயிற்சி தேவை. தோல் நோய், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து, நோயாளியின் சம்மதத்தோடு எடுத்த போட்டோவை மாவட்ட மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி ஆலோசனை கேட்கும் ஏற்பாடு செய்தால், சிகிச்சையும் நடக்கும், கிராமத்து டாக்டருக்குப் படிப்பும் நடக்கும். இரண்டு நாள் கிளினிக்கை மூட வேண்டியதும் இல்லை.

நான்காவதாக, ஒரு மருத்துவரின் பட்டம், பதிவு எண், கடைசியாக எப்போது தொடர் கல்வி முடித்தார் என்பதை யாரும் போனில் தேடிப் பார்க்கும் வசதி வர வேண்டும். ஹோட்டலுக்கு ரேட்டிங் பார்க்கிற தலைமுறைக்கு, முகத்தில் லேசர் அடிப்பவரின் தகுதியைப் பார்க்க வழி இருக்கக் கூடாதா?

நோயாளி இப்போதே கவனிக்கக் கூடியவை

• போர்டில் எம்.டி., டி.என்.பி. அல்லது தோல் துறை டிப்ளமோ இருக்கிறதா, பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

• க்ரீம் எழுதித் தரும்போது "இதில் ஸ்டீராய்டு இருக்கா டாக்டர்? எத்தனை நாள் தடவணும்?" என்று கேட்பது நல்லது. ஸ்டீராய்டு எல்லாமே கெட்டதில்லை. எக்ஸிமாவுக்கும் சொரியாசிஸுக்கும் சரியான அளவில் அது தேவைதான்.

• மாதக்கணக்கில் முகத்தில் ஸ்டீராய்டு தடவியவர்கள் தாங்களாகவே திடீரென்று நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் போவது பாதுகாப்பு.

• படர்தாமரை வந்தால் வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். துண்டு, துணி, சோப்பு தனித்தனியாக இருக்க வேண்டும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தக் கூடாது.

• உணர்ச்சியில்லாத வெளிர் திட்டு எதுவாக இருந்தாலும் உடனே காட்டிவிட வேண்டும். தொழுநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

நோயாளிகள் விழிப்பாக இருப்பதால் சில முகங்கள் தப்பிக்கும். ஆனால் டாக்டரின் படிப்பைச் சோதிக்கும் பொறுப்பை நோயாளி தலையில் கட்டிவிட்டு அரசும் கவுன்சில்களும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2002-ல் எழுதிய 30 மணி நேரத்தை வைத்துக்கொண்டு 2020-ல் பெயர் வைத்த பூஞ்சையைச் சமாளிக்க முடியவில்லை என்பது கண்ணெதிரே தெரிகிறது. நிறுத்தி வைத்த விதிகளை மறுபடி எழுதும்போது, தொடர் கல்விப் பகுதியை முதலில் எடுத்துப் பேச வேண்டும்.